தொறக்காதீங்க, வாரன்டி போயிரும்

லேப்டாப் சர்வீஸ் சென்டர் கவுண்டர்ல உட்கார்றதுக்குக் கம்ப்யூட்டர் அறிவெல்லாம் வேண்டியதில்லீங்க. "இதுக்கு வாரன்டி வராதுங்க"ன்னு சிரிச்ச முகமாச் சொல்லத் தெரிஞ்சாப் போதும். எனக்கு அது நல்லா வருதுன்னுதான் வேலைக்கு எடுத்தாங்க. வர்ற லேப்டாப்பை நான் கவுத்துப் போட்டுத்தான் பார்ப்பேன். அடியில ஒரு ஸ்க்ரூ மேல கம்பெனி சீல் ஒட்டியிருக்கும். அது கிழிஞ்சிருந்தா வாரன்டி இல்லை. கிழியாம இருந்தா உள் ரூம்ல இருக்கிற டெக்னீஷியன் சரவணன்கிட்டப் போகும். வெள்ளகோவில்ல இருந்து தினம் பஸ் ஏறி வந்து நான் பண்ற உத்தியோகம் இவ்வளவுதான். பேங்க்லயோ ரேஷன் கடையிலயோ கவுண்டருக்குப் பின்னாடி உட்கார்ந்து 'இல்லைங்க' சொல்லிப் பிழைக்கிற என் சனமே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

ஏர் அடிச்சவர்

திருப்பூர்ல துணி தைக்கிற எந்த யூனிட்லயும் வேலை முடிஞ்சா ஏர் பைப்பை எடுத்து மிஷின்ல இருக்கிற பஞ்சை ஊதித் தள்ளிட்டுத்தான் ஊட்டுக்குப் போவாங்க. பெருமாநல்லூர்ல யூனிட் வெச்சிருக்கிற ஒருத்தர், லேப்டாப் சூடாகுதேன்னு அதே கம்ப்ரஸர் பைப்பை லேப்டாப் ஓட்டையில வெச்சு அழுத்திட்டார். ஃபேன் இறக்கை முறிஞ்சு உள்ளே கலகலன்னு ஆடுது. "காத்தடிக்கக் கூடாதுங்க, தொறந்து சுத்தம் பண்ணவும் கூடாதுங்க"ன்னு வாரன்டி புஸ்தகத்தை எடுத்துக் காட்டினேன். மனுசன் கோவிச்சுக்கல. கண்ணாடியைப் போட்டுப் பொறுமையா முழுசும் படிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க அம்மணி, பஞ்சு எடுக்கக் கூடாத சாமானை எந்த நம்பிக்கையில திருப்பூர்ல கொண்டாந்து விக்கிறீங்க?"

சந்தனப் பொட்டு

ஆயுத பூஜை முடிஞ்ச வாரம் எங்களுக்கு சீசன். கணியூர்க்காரர் ஒருத்தர், தோட்டமும் உண்டு, பனியன் கம்பெனியும் உண்டு. அவர் லேப்டாப்பைக் கவுத்தா, சரியா சீல் இருக்கிற இடத்துல கெட்டியாச் சந்தனம், நடுவுல குங்குமம். மேல வெச்சா கம்பெனி பேர் மறையுதுன்னு அடியில வெச்சாராம்.

சீலைப் பார்க்காம நான் ரசீது போட முடியாது. நகத்தால சுரண்டினேன். காஞ்ச சந்தனம், வரமாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் அழுத்திச் சுரண்டினேன். சந்தனம் வந்துச்சு, கூடவே சீலும் வந்துச்சு. சீலைக் கிழிச்சவங்களைப் பிடிச்சுக் குடுக்கவே சம்பளம் வாங்கறவ, கையில சீலோட முழிச்சுட்டு நிக்கிறேன். அப்புறம் என் மேல நானே மேனேஜர்கிட்டப் புகார் சொல்லித்தான் அவர் வாரன்டியைக் காப்பாத்தினேன். அதுக்குள்ள அவர் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிச்சுட்டார்.

"விடுங்க அம்மணி, அதுமேலயே இன்னொரு பொட்டு வெச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

எண்ணெய்

திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்து இங்க தையல் லைன் சூப்பர்வைசரா இருக்கிறவர் ஒருத்தர். சீல் கிழிஞ்சிருக்கு. தொறக்கவே இல்லைன்னு சாதிக்கிறார். சரி, பார்த்துரலாம்னு சரவணன் மூடியைக் கழட்டினா தையல் மிஷினுக்கு விடற எண்ணெய் வாசம் ரூம் முழுக்க. ஃபேன்ல இருந்து சொட்டுது. "இது என்னங்க?"ன்னு நான் போலீஸ்காரி மாதிரி கேட்டேன்.

"எண்ணெய் விடாம எந்த மிஷினும்மா ஓடும்? நீங்களே சொல்லுங்க பாப்போம்."

தொறக்காத ஒருத்தி

இப்படிப்பட்டவங்களுக்கு நடுவுல வந்து சேர்ந்தா நர்கீஸ். ஊட்ல இருந்தே மார்க்கர் போடுற பொண்ணு. மார்க்கர்னா, டீசர்ட்டோட கை, கழுத்து, முதுகு எல்லாத்தையும் துணியில எப்படி அடுக்கி வெட்டினா வேஸ்ட் குறையும்னு கம்ப்யூட்டர்ல படம் போடறது. சின்ன யூனிட்டுக்காரங்க இவகிட்டத்தான் தருவாங்க. லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு வெளிக்கடையில ஒரு ரேம் வாங்கிட்டு வந்து, "இதை மாட்டித் தாங்கக்கா"ன்னு நின்னா.

நான் விடுவேனா? வெளி ரேம் மாட்டினா வாரன்டி போயிரும், வீட்ல தொறந்தாலும் போயிரும், கம்பெனி ரேம்தான் வேணும், அது சென்னையில இருந்து வரணும், எப்ப வரும்னு எனக்குத் தெரியாதுன்னு ஒரு பிரசங்கம் பண்ணினேன். வழக்கமா இந்த இடத்துல சண்டை வரும். அவ ரேமை எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கிட்டா. அவ சொன்ன மாதிரி இந்தக் கவுண்டர்ல யாரும் எங்கிட்டச் சொன்னதே இல்லைங்க. அன்னைக்கு வெள்ளகோவில் போற வரைக்கும் பஸ்ல எனக்குக் கால் தரையில படல.

"சரிங்கக்கா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்."

கடைசி நாள்

அடுத்த வருசம் ஒரு சாயங்காலம் நர்கீஸ் மூச்சிரைக்க வந்தா. லேப்டாப் செத்துப் போச்சு. சீல் புத்தம் புதுசா இருக்கு. சரவணன் பார்த்துட்டு மதர்போர்டு போயிருச்சுன்னான். வாரன்டி அன்னையோட முடியுது. அன்னைக்கே கம்பெனி போர்ட்டல்ல புகார் பதிஞ்சா புது போர்டு சும்மா வரும். மறுநாள் ஆனா அவ கைக்காசுதான், அது அவளால ஆகாது. "லேப்டாப் இல்லீன்னா வேலை வேற ஆளுக்குப் போயிருங்கக்கா"ன்னா. நான் ஜம்பமா, "நான் இருக்கேன்ல"ன்னு சொல்லிட்டு சீரியல் நம்பரை அடிச்சேன். பாதி நம்பர்ல எங்க கவுண்டர் லேப்டாப் பொசுக்குன்னு அணைஞ்சு போச்சு.

கீழ் மாடியில துணி வெட்டற கட்டிங் யூனிட். பஞ்சு எங்க மூக்குக்குள்ள போற அளவுக்கு லேப்டாப்புக்குள்ளயும் போகும். ஒரு வாரமாவே அது சூடாகி அணையுது, நான் தட்டித் தட்டி ஓட்டிட்டு இருந்தேன். அன்னைக்கு அது எந்திரிக்கவே இல்லை. கம்பெனி போர்ட்டல் அந்த ஒண்ணுல மட்டும்தான் திறக்கும். மேனேஜர் கோயமுத்தூர்ல மீட்டிங், போனை எடுக்கல. சரவணனைக் கூப்பிட்டா, "அது கம்பெனி சொத்துங்கக்கா, வாரன்டியில இருக்கு, புகார் டிக்கெட் போடாம நான் தொட மாட்டேன்"ங்கிறான். ஹெல்ப்லைனுக்கு அடிச்சேன். ஒரு பொண்ணு, "உங்க போர்ட்டல்ல டிக்கெட் போடுங்க மேடம்"னா. "போர்ட்டல் இருக்கிற லேப்டாப்தானுங்க ஓடல"ன்னேன். "அப்போ உங்க லேப்டாப்பை மட்டும் நானே பதிஞ்சுக்கறேன் மேடம், கஸ்டமரோடதை உங்க போர்ட்டல்லதான் பதியணும். ரெண்டு நாள்ல ஆள் வருவார். அதுவரைக்கும் தொறக்காதீங்க, வாரன்டி போயிரும்." அப்படியே என் குரல், என் இழுவை. எனக்கு வந்த கோவத்துக்கு அவ எதிர்ல இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பேனோ. இத்தனை நாள் இந்தக் கவுண்டருக்கு முன்னாடி நின்னவங்க என்னைச் சும்மா விட்டதே பெரிய விசயம்னு தோணுச்சு.

நர்கீஸ் கோவிச்சுக்கலைங்க. பெஞ்சுல உட்கார்ந்து, "நீங்க சொன்னீங்கன்னுதான் ஒரு வருசம் அந்த ஸ்லோவுலயே ஓட்டுனேன்"னு மட்டும் மெதுவாச் சொன்னா. நான் எந்திரிச்சு உள் ரூமுக்குப் போனேன். சரவணன் டேபிள்ல இருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். "அக்கா, சீலு"ன்னான். கவுண்டர் லேப்டாப்பைக் கவுத்து, அந்த சீல் மேலயே குத்தினேன்.

சர்வீஸ் சென்டர்ல வேலை பார்த்தும் அதுவரைக்கும் நான் ஒரு லேப்டாப்பைத் தொறந்ததில்லை. எது எங்க கழண்டுச்சுன்னே தெரியல. நர்கீஸ் செல்போன் லைட்டை அடிச்சா. ஃபேனைச் சுத்தித் தலகாணிப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கு. ரெண்டு பேரும் விரலாலயே உருவினோம். திரும்ப மூடி, பட்டனை அழுத்தினா ஓடுது. பதிஞ்சு முடிச்சேன், அவ போனுக்குப் புகார் நம்பர் வந்துச்சு. சாமி கண்ணைத் தொறந்துருச்சுன்னு நான் நாற்காலியில சாயறேன், அவ டேபிளையே பார்த்துட்டு இருக்கா.

"அக்கா, ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்குதுங்க."

எனக்கு வந்த எஞ்சினியர்

நர்கீஸுக்குப் புது போர்டு வந்து வேலையும் கையை விட்டுப் போகல. நம்ம கதைக்கு வாங்க. ஹெல்ப்லைன் பொண்ணு சொன்ன மாதிரியே ரெண்டு நாள்ல கோயமுத்தூர்ல இருந்து எஞ்சினியர் வந்தார். அவரும் என்னை மாதிரியே முதல்ல கவுத்துப் போட்டுத்தான் பார்த்தார். "யாரு மேடம் தொறந்தது?"ன்னு கேட்டார். உண்மையைச் சொல்லிடலாம்னுதாங்க வாயைத் தொறந்தேன். வெளியில வந்தது, "தெரியலீங்க, வாங்கறப்பவே இப்படித்தான் இருந்துச்சு."

உள்ளே இருந்து சரவணன் சிரிக்கிறது கேட்டுச்சு. எஞ்சினியர் வாரன்டி ரத்துன்னு எழுதி என்கிட்டயே கையெழுத்து வாங்கினார். மேனேஜர் அதைப் பார்த்துட்டு என்ன பேசினார்ங்கிறதை இங்க எழுத முடியாது. வேலை மட்டும் மிஞ்சுச்சு. கிளம்பறப்ப எஞ்சினியர் லேப்டாப்போட காத்து வர்ற ஓட்டையில கையை வெச்சுப் பார்த்துட்டுச் சொன்னார்.

"யார் தொறந்தாங்களோ தெரியல மேடம், பஞ்சை நல்லாவே எடுத்திருக்காங்க."

இப்ப எங்க சென்டர்ல சூடாகாம ஓடுற ஒரே லேப்டாப் வாரன்டி இல்லாத அந்தக் கவுண்டர் லேப்டாப்தானுங்க, அதுல உட்கார்ந்துதான் வர்றவங்க எல்லாருக்கும் 'தொறக்காதீங்க'ன்னு டைப் பண்ணிக் குடுத்துட்டு இருக்கேன்.