முதலில் பிரேக்

கார் ஓடப் பழக்குகிறவருக்கு இடப்பக்க சீட்தான். அங்கே ஸ்டியரிங் கிடையாது, காலடியில் ஒரு பிரேக்கும் வாயில் முருகனும்தான். கொழும்பு வெள்ளவத்தையில் பதினெட்டு வருசமாக அந்தச் சீட்டில் இருக்கிறேன். காரும் பழக்குகிறேன், ஓட்டோவும் பழக்குகிறேன். காலி வீதியில் ஒரு தடவையாவது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்தவர் என்றால், நீங்களும் என் ஆள்தான்.

மஞ்சள் கடவை

சிவமலர் அன்ரிக்கு ஐம்பத்தெட்டு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர், சும்மா இருக்க ஏலாமல் என்னிடம் பழக வந்தார். காலி வீதியில் அவருக்கு அது மூன்றாம் நாள். சந்தைப் பையோடு ஒரு முதியவர் வீதியைக் கடக்க மஞ்சள் கடவையில் கால் வைத்தார். அன்ரி அழகாக நிற்பாட்டினார். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கொண்டக்டர் இறங்கி வந்து பொனட்டில் தட்டி, எங்கள் இரண்டு பேருடைய பரம்பரையையும் சிங்களத்தில் விசாரித்தான். நான் கண்ணாடியை இறக்கி, அதே சிங்களத்தில், அந்த மனிதர் மற்றப் பக்கம் போய்ச் சேரும்வரை இந்தக் கார் அசையாது என்றேன். முதியவரும் அவசரப்படவில்லை. நட்ட நடுவில் நின்று பையைக் கை மாற்றினார்.

பிறகு அன்ரி ஒன்றுமே நடக்காததுபோல் காரை எடுத்தார். பயமில்லையா என்று கேட்டேன்.

"எனக்குச் சிங்களம் தெரியாது பிள்ளை. அவர் சுகம் விசாரிக்கிறார் எண்டு நினைச்சன்."

கெட்டிக்காரன்

நிரோஷனுக்கு இருபத்துமூன்று வயது, கொள்ளுப்பிட்டியில் வேலை. அப்படி ஒரு கையை நான் கண்டதில்லை. ரிவேர்ஸ் பார்க்கிங்கை ஒரே நாளில் பிடித்துவிட்டான். குறை ஒன்றுதான். மடியில் கிடக்கிற போன் மினுங்கினால் கண் கீழே போய்விடும். இரண்டு தரம் என் பிரேக்கை மிதித்துக் காரை நிற்பாட்டினேன். மூன்றாம் தரம் போனைப் பறித்து என் ஹான்ட்பேக்கில் போட்டேன்.

இன்னும் ஒரு மாதம் பழகச் சொன்னேன். லைசன்ஸ் ட்ரையலுக்கு நாள் கிடைத்துவிட்டது என்றான். நானும் விட்டுவிட்டேன். முதல் தரத்திலேயே பாஸ். கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான்.

"மிஸ், நீங்கள் சும்மா பயந்தனீங்கள். றோட்டெல்லாம் எனக்கு இப்ப மனப்பாடம்."

கடிதம்

நாலு மாதம் கழித்து, ஒரு காலை எட்டு மணிக்கு, மரைன் ட்ரைவில் நிரோஷன் போனைப் பார்த்துக்கொண்டே பறந்திருக்கிறான். ஓரமாக நிறுத்திய ஓட்டோவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார் அன்ரன் என்ற மனிதர். முகத்துவாரத்து ஆள், அந்த ஓட்டோவில்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது. கார் மோதியதில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. நிரோஷனுக்கு நெற்றியில் ஒரு கீறல்.

வழக்கு வந்ததும் நிரோஷனின் அம்மா என்னைத் தேடி வந்தார். அவன் கவனமாக ஓடுகிற பிள்ளை என்று நான் ஒரு கடிதம் தரவேண்டுமாம். அழுதார். நானும் அழுதேன். அந்த ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்தவள் நான்தான். அதற்கு மேல் ஒரு பொய்யும் எழுத என்னால் ஏலாது. ஆராவது கேட்டால் போன் விசயத்தையும் சொல்லுவேன் என்றேன். அவர் எழுந்து போய், வாசலில் செருப்பைப் போட்டபடி திரும்பிப் பார்த்தார்.

"உங்களை நம்பித்தானே பிள்ளையை விட்டனாங்கள்."

ஸ்டெல்லா

அன்றிலிருந்து ஒரு சட்டம் போட்டேன். காரில் ஏறினால் போன் என் ஹான்ட்பேக்குக்குள் போகவேண்டும். தராதவரை இறக்கிவிட்டேன். நாலைந்து பேர் வேறு லேர்னர்ஸ் ஸ்கூலுக்குப் போனார்கள். போகட்டும்.

ஒரு நாள் கேற்றடியில் ஒரு பெண். "அந்த நிரோஷனுக்கு ஓட்டப் பழக்குனது நீங்களா?" என்றாள். அன்ரனின் மனைவி, ஸ்டெல்லா. ஏசட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் ஏசவில்லை. ஓட்டோவைத் திருத்தியாகிவிட்டதாம், அவரால் இனி ஓட்ட முடியாதாம், தான் பழகவேண்டுமாம். இத்தனை லேர்னர்ஸ் இருக்க, என்னிடமா என்று கேட்டேன்.

"நீங்க போன வாங்கி வச்சிக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன் மிஸ். ஓட்ட எல்லாருந்தான் கத்துத் தர்றாங்க. எனக்கு நிப்பாட்டக் கத்துத் தாங்க."

கொட்டாஞ்சேனை ஸ்டாண்டில்

இரண்டாம் தரத்தில்தான் ஸ்டெல்லா பாஸ் பண்ணினாள். ஓட்டோ ஸ்டாண்டில் ஆண்கள் முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவளுக்கும் ஒரு இடம் விட்டார்கள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போயிருந்தேன். டை கட்டிய ஒருவர் அவளுடைய ஓட்டோவில் ஏறி, இரத்மலானைக்குப் போகவேண்டும், நேரமில்லை, இந்த ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக விடு என்றார். முடியாது என்றாள். பொம்பிளைகளிடம் ஓட்டோவைக் கொடுத்தால் இப்படித்தான் என்று அவர் கத்தினார். ஸ்டாண்ட் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஸ்டெல்லா எஞ்சினை நிற்பாட்டி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"எங்க வீட்ல ஒரு கால் போனது போதும் சார். எறங்கி வேற ஓட்டோ புடிங்க."

ஆகவே, அவசரக்காரர்களே, தாராளமாக முந்திப் போங்கள். அடுத்த சிவப்பு விளக்கில் நீங்கள் முழுசிக்கொண்டு நிற்க, நான் நாற்பது வேகத்திலேயே உருண்டு வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன்.