மரைக்காயர் கடையில் மலையேறும் சாமான்

மரைக்காயர் காவல் நிலையத்துக்குள் வந்தபோது அவருடைய சட்டையில் பொத்தான்கள் ஒன்று தள்ளி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் கழுத்துவரை ஏறியும் மறுபக்கம் தொங்கியும் கிடந்த அந்த வெள்ளைச் சட்டைதான் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருகிறது. கடையில் அவரை யாரும் அப்படிப் பார்த்திருக்க முடியாது. கைலி கசங்காமல், தொப்பி கோணாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. வாசலில் நின்றபடியே எங்களைப் பார்த்தார். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். எஸ்.ஐ.யின் மேசைமேல், நாங்கள் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சாமான்கள் கொட்டிக் கிடந்தன: ராணுவக் கித்தான் பை, பூட்ஸ், நைலான் கயிறு, டார்ச் லைட், விசில், மடக்குக் கத்தி. அன்றைக்கு அந்தப் பொருள்களை ஒன்றாகப் பார்த்த எந்தப் போலீஸ்காரருக்கும் ஒரே ஒரு எண்ணம்தான் வந்திருக்கும்.

நான் அப்போது தஞ்சாவூரில், அரசாங்க விடுதியில் தங்கிப் பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, கூலிக்கு நடவும் அறுப்பும் செய்கிறவர்களின் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பெண். எங்கள் உடற்பயிற்சி மேடம் என்னை இமயமலை அடிவாரத்தில் நடக்கும் மலையேற்ற முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ரயில் கட்டணமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. கூடாரமும் அங்கே இருக்கும். ஆனால் காலுக்கு, முதுகுக்கு, குளிருக்கு வேண்டியதை அவரவரே கொண்டுவர வேண்டும். கோடை விடுமுறை விட்டதும் ஊருக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"மலையில ஏறி?" என்று கேட்டாள் அம்மா.

"ஏறிட்டு எறங்கணும்."

"அதுக்கா அவ்வளவு தூரம் கூட்டிட்டுப் போறாங்க?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சரி, என்னென்ன வேணும், சொல்லு."

அவள் சிரிக்க முயன்றதே எனக்குப் பெரிதாக இருந்தது. தை அறுவடையின்போது கூலித் தகராறில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கியபோது, வரப்பில் குறுக்கே நின்றவர்களில் அப்பாவும் ஒருவர். திருச்சி சிறையில் இருந்தார். ஆட்சி மாறியிருந்தது, கூலிக்குச் சட்டம் வந்திருந்தது, குடியிருந்த மனைக்குப் பட்டா தருவதாகப் பேச்சு நடந்தது. ஆனாலும் எங்கள் தெருக்கோடியில் போலீஸ் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் கூடாரம் அதுதான். சில வருஷங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்திய கொடுமையை யாரும் மறந்திருக்கவில்லை. காக்கியைக் கண்டாலும் பண்ணை ஆட்களைக் கண்டாலும் பெண்கள் பிள்ளைகளை வீட்டுக்குள் இழுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நேரத்தில்தான் நானும் அம்மாவும் மலைக்குச் சாமான் வாங்கக் கிளம்பினோம்.

முதலில் தஞ்சாவூருக்குப் போனோம். விளையாட்டுச் சாமான் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பூட்ஸ் இருந்தது. கடைக்காரர் அம்மாவின் சேலையைப் பார்த்தார், என் செருப்பைப் பார்த்தார். "லேடீஸ் சைஸ் வராது" என்றார். எழுந்திருக்கக்கூட இல்லை. அம்மா விடாமல் விலையைக் கேட்டாள். அவர் சொன்னதும், "காலுக்குப் போடுறதா, கழுத்துக்குப் போடுறதாங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள். பழைய சாமான் விற்கும் சந்தில் ஒருவர் ராணுவத்தில் கழித்துப்போட்ட பைகளைக் குவித்து வைத்திருந்தார். ஒவ்வொரு பையாக எடுத்து வாரை இழுத்துப் பார்த்து, தையலில் நகத்தை விட்டுப் பார்த்து, கடைசியில் ஒன்றை அம்மா தேர்ந்தெடுத்தாள். அதன் உள்பக்கம் ஏதோ ஒரு சிப்பாயின் எண் கறுப்பு மையில் குத்தியிருந்தது. துவைத்தும் போகவில்லை. கயிறும் கத்தியும் விசிலும் மன்னார்குடிக் கடைத்தெருவில் கிடைத்தன. கம்பளி மட்டும் அமையவில்லை. வாங்கக்கூடிய விலையில் இருந்தவை எல்லாம் நனைந்த வைக்கோல்கட்டு மாதிரி கனத்தன. அதைச் சுமந்துகொண்டு சமதரையில் நடப்பதே கஷ்டம். நான் சோர்ந்துபோய், பூட்ஸும் படுக்கையும் இல்லாமல் எப்படிப் போவது, வேண்டாம் என்று எழுதிவிடலாமா என்றேன். அம்மா அதற்குள் பேருந்து நிலையத்தில் முறுக்கு விற்ற ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து, "முத்துப்பேட்டையில சபுராளிங்க கொண்டாந்த சாமானெல்லாம் விப்பாங்களாம். நாளைக்கு அங்க போவோம்" என்றாள். கடல் கடந்து சம்பாதிக்கப் போனவர்களைச் சபுராளிகள் என்போம்.

முத்துப்பேட்டையில் மரைக்காயர் கடை ஒரு குறுகலான தெருவில் இருந்தது. பினாங்கில் இருந்த மகன் கப்பலில் அனுப்புவதும் கொண்டுவருவதுமான துணி, குடை, வாசனைத் தைலம், ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ. நாங்கள் கேட்டதைக் கேட்டதும் அவர் சந்தோஷத்தில் எழுந்தே விட்டார். "பொம்பளப் புள்ளைக்கு மலை ஏறுற பூட்ஸா? என் மவன் தெரியாத்தனமா ஒண்ணு வாங்கியாந்துட்டான் தங்கச்சி. இந்த ஊர்ல யாரு போடுவா? துணி பறக்காம இருக்க மேல வச்சிருக்கேன்." துணிக்கட்டின் மேலிருந்து அதை இறக்கித் தூசி தட்டினார். தைத்துக்கொடுத்த மாதிரி என் காலுக்குப் பொருந்தியது என்று சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை, கொஞ்சம் பெரிது. அவர் என்னைப் பரண் ஏணியில் ஏறச் சொன்னார், இறங்கச் சொன்னார். விரல் முட்டுகிறதா என்று கேட்டார். இரண்டு காலுறை போட்டால் சரியாகும் என்று அம்மாவும் அவரும் சேர்ந்து தீர்மானித்தார்கள். "இனிமே காலு வளராதே?" என்று அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

அதன்பின் அவர் உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்து பிரித்தார். உள்ளே நுழைந்து படுத்துக்கொள்ளும் மெத்தைப் பை. எடையே இல்லை. இது எதற்கு என்று அம்மாவுக்குப் புரியவில்லை. மரைக்காயர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, கடையின் நடுவில் அதை விரித்து, அதற்குள் புகுந்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்து மூடிப் படுத்துக் காட்டினார். சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டியது. துணி எடுக்க வந்த இரண்டு பெண்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். "பாத்தியா தங்கச்சி, இப்படித்தான். பனி பெஞ்சாலும் உள்ள வராது." அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பேரம் பேச உட்கார்ந்தாள். மற்ற கடைகளில் சொன்ன விலை, அவர்கள் நடந்துகொண்ட விதம், பூட்ஸ் இத்தனை நாள் விலைபோகாமல் கிடந்தது, பையில் ஒரு தையல் விட்டிருப்பது என்று எதையும் விடவில்லை. அவர் எழுந்து தொழுகைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அம்மா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். விட்ட இடத்திலிருந்து பேரம் தொடர்ந்தது. கடைசியில் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, அம்மா சொன்ன விலைக்குப் பக்கத்தில் வந்து, ஒரு டார்ச் லைட்டையும் சும்மா கொடுத்தார். பேருந்து வரை வந்து, பையைத் தானே தூக்கி ஏற்றிவிட்டார்.

பாலத்தருகே பேருந்தை நிறுத்திப் போலீஸ் சோதனை போட்டது. எங்கள் பையைத் திறந்த காவலர் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். எடுக்க எடுக்க அவர் முகம் மாறியது. இறங்கச் சொன்னார்.

எஸ்.ஐ. இளைஞர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். மேலிடத்திலிருந்து வந்த எச்சரிக்கைகளால் பயந்திருந்தார். "ராணுவப் பை, கத்தி, கயிறு, விசில். எந்தக் காட்டுக்குப் போற?" என்று என்னைக் கேட்டார். மலையேற்றம் என்றேன். ஊர் பெயரைக் கேட்டார், சொன்னேன். அப்பா எங்கே என்றார். அம்மா, "திருச்சி ஜெயில்லங்க" என்றாள். அதோடு அவருக்கு எல்லாம் முடிவாகிவிட்டது. கல்லூரிக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தார்கள். விடுமுறை, எடுக்க ஆளில்லை. மேடம் முன்னதாகவே சென்னைக்குப் போய்விட்டார்கள். மறுநாள் ரயிலில் போய் நான் அவர்களோடு சேர வேண்டும். ரயில் போனால் போகட்டும், வழக்கில் என் பெயரை எழுதிவிட்டால் கல்லூரியும் விடுதியும் போய்விடும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இதெல்லாம் யாரு குடுத்தா? எந்தக் கடை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் காலை அழுத்தினாள். "பேரு தெரியாதுங்க. சந்துல ஒரு கடைங்க" என்றாள். மறுபடி கேட்டார். அதையே சொன்னாள். காலையெல்லாம் உட்கார்ந்து பேசிய மனிதரின் பெயரை அவள் மறக்கவில்லை. கப்பல் சரக்கு விற்கிறவர், நம்மால் அவருக்கு வம்பு வரக்கூடாது என்று நினைத்தாள். எனக்கோ அவள்மேல் ஆத்திரம் வந்தது. அவளுக்கு மகளைவிடக் கடைக்காரர் பெரிதா என்று நினைத்தேன். அந்த நேரத்தில்தான் பொத்தான் மாறிய சட்டையோடு அவர் வந்து நின்றார். எங்களை இறக்கிவிட்ட பேருந்தின் நடத்துநர் திரும்பிப் போய் முத்துப்பேட்டையில் டீ குடிக்கும்போது சொன்ன சேதியைக் கேட்டுக் கிளம்பியிருக்கிறார்.

"என் கடையில வாங்குன சாமான் சார்" என்றார், யாரும் கேட்பதற்கு முன்பே. "பூட்ஸு, படுக்குற பை, டார்ச்சு மூணும் நான் குடுத்தது."

"இவங்க யாருன்னு தெரியுமா பாய்? புருஷன் உள்ள இருக்கான். பொண்ணு நக்சலைட்டாக்கூட இருக்கலாம்."

மரைக்காயர் அம்மாவைப் பார்த்தார். பிறகு எஸ்.ஐ.யைப் பார்த்தார். "சார், தஞ்சாவூர்ல வெல கேட்டு, மன்னார்குடியில வெல கேட்டு, அப்புறம் என் கடைக்கு வந்தாங்க. நான் தொழுவிட்டு வந்தப்புறமும் எந்திரிக்காம பேரம் பேசுனாங்க. ஒளிஞ்சு திரியுறவன் எவனாச்சும் ஆத்தாளக் கூட்டிட்டு வந்து இப்படிப் பேரம் பேசுவானா? நக்சலைட்டு கேட்ட வெலயக் குடுத்துட்டு ஓடிருவான் சார்."

மூலையில் நின்ற காவலர்தான் முதலில் சிரித்தது. பிறகு எஸ்.ஐ.யின் உதடும் கோணியது. அடக்கிக்கொண்டு, "சரக்குக்குச் சுங்கம் கட்டியிருக்கா?" என்று கேட்டார். மரைக்காயர் பொய் சொல்லவில்லை. "சிலதுக்கு இருக்கு, சிலதுக்கு இல்ல. கடை எங்கயும் ஓடிப்போவாது. வந்து பாருங்க. இந்தப் புள்ள நாளைக்கு ரயிலுக்குப் போவணும், அத விடுங்க." எஸ்.ஐ. கொஞ்ச நேரம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லாவற்றையும் பையில் போடச் சொன்னார். கத்தியை மட்டும் வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் அம்மா வேப்பமரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "என் பேரச் சொல்லியிருக்கலாமே தங்கச்சி" என்றார் மரைக்காயர். "நீங்க சும்மா இருந்திருக்கலாமேங்க" என்றாள் அம்மா. அப்போதுதான் அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார்.

மலைக்குப் போனேன். பனியைத் தொட்டேன். பூட்ஸ் காலைக் கடிக்கவில்லை. அதன்பின் எத்தனையோ முறை போய்விட்டேன். நானே உடற்பயிற்சி ஆசிரியையாகிப் பெண்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். இப்போது எல்லாம் வாடகைக்கே கிடைக்கிறது. என் மாணவிகள் கைபேசியில் கடைக்குக் கடை விலையை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குகிறார்கள். எந்தச் சாலையிலும் அவர்கள் பையை யாரும் கொட்டிப் பார்ப்பதில்லை. அவர்கள் பேரம் பேசுவதை நான் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

முகாம் முடிந்து நான் ஊர் திரும்பியபோது அப்பா வீட்டில் இருந்தார். இளைத்திருந்தார், ஆனால் வந்துவிட்டார். அம்மாவுக்கு இன்னொரு கவலை பாக்கி இருந்தது. போலீஸ் மரைக்காயர் கடைக்குப் போனதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளுக்குத் தனியாகப் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மறுநாளே இருவரும் முத்துப்பேட்டைக்குப் போனோம். தெருமுனையில் அம்மா நின்றுவிட்டாள். "நீ பாரு. கடை தொறந்திருக்கா?" என்றாள், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

பலகைகள் எடுக்கப்பட்டிருந்தன. மரைக்காயர் வாசலில் நின்று ஒரு குடையை விரித்து யாரிடமோ அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னேன். அம்மா மூச்சை விட்டாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எங்களைக் கண்டதும் அவர் குடையை மடக்கினார். வந்தார்களா, எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அம்மா தடுமாறிக் கேட்டாள்.

"வந்தாங்க. ரேடியோவ எடுத்துட்டுப் போனாங்க" என்றார். "போவட்டும் தங்கச்சி. அது எலங்கை ஸ்டேஷன் வச்சா கரகரன்னுதான் கத்தும். அத எவன் தலையில கட்டுறதுன்னு நானே யோசிச்சிட்டிருந்தேன்."

அம்மா சிரித்தாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, வாயைப் பொத்தாமல் சிரித்தாள்.