சாமி இல்லாத வண்டி

ஆறுமுகப்பெருமாள் எங்கே புறப்பட்டாலும் அது ஒரு படையெடுப்புதான். நாகர்கோவிலுக்குப் போய் மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாட்டி வருவதென்றாலும் குடை, தண்ணீர் பாட்டில், துவர்த்துத் துண்டு, மாற்றுச் சட்டை எல்லாம் கட்டிக்கொண்டுதான் தாழக்குடி வீட்டைவிட்டு இறங்குவார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இத்தனை தயாரிப்புக்கும் தகுந்த பெரிய போர் எதுவும் வேலைக்காலத்தில் அவருக்கு வாய்க்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு வாய்த்தது. மார்த்தாண்டத்துக்கு அந்தப்பக்கம் ஏசுஅடிமை நடத்தும் ஆக்கர் யார்டுக்குப் போய், தன் பழைய வெள்ளைக் காருக்கு ஒரு கதவு லாக்கு கழற்றி வரவேண்டும்.

ஓடி ஓய்ந்த வண்டிகளை வாங்கி வரிசையாகப் போட்டிருக்கும் இடம் அது. வேண்டிய சாமானை நாமே தேடி நாமே கழற்ற வேண்டும். கழற்றித் தர ஆளும் கிடையாது, ஸ்பானரும் கிடையாது. காருக்கு இடதுபக்க முன்கதவு போன மழைக்காலத்துக்கு முன்பே இறுகிவிட்டது. உள்ளேயிருந்தும் திறக்காது, வெளியேயிருந்தும் திறக்காது. அன்றிலிருந்து அவர் மனைவி பார்வதியம்மாள் டிரைவர் பக்கம் ஏறி, கியருக்கு மேலே காலைத் தூக்கிப் போட்டுத் தன் இடத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். பின்கதவு நன்றாகத்தான் திறக்கும். ஆனால் அவள் பின்னால் உட்கார்ந்தால் ஊரில் பார்க்கிறவர்கள் தன்னை டிரைவர் என்று நினைத்துவிடுவார்கள் என்பது ஆறுமுகப்பெருமாளின் கவலை. அப்படிப்பட்ட கௌரவம்!

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், மகள் சிவப்ரியாவுக்கு மயிலாடியில் மாப்பிள்ளை அமைந்ததும் வாயைத் திறந்தாள்.

"வெள்ளிக்கெழம மாப்பிள்ள வீடு பாக்கப் போறோம். பட்டுச்சேலயக் கட்டிக்கிட்டு சம்பந்தக்காரங்க முத்தத்துல நான் கொரங்கு மாதிரி தாண்டி எறங்க மாட்டேன். கதவு தொறந்தா ஒங்க கூட வருவேன். தொறக்கல்லன்னா ஹரி வண்டியில போயிருவேன்."

ஹரிகுமார் அவள் தம்பி. வெளிநாட்டிலிருந்து வந்ததும் கப்பல் போல ஒரு கறுப்புக் கார் வாங்கியவன். 'அத்தான், இன்னும் இதையா ஓட்டுறிய?' என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பான். பெண்ணைப் பெற்றவன் ஒரு வண்டியிலும் அவன் பெண்டாட்டி மைத்துனன் வண்டியிலும் போய் இறங்கினால் மானம் கப்பலேறிவிடும். ஆறுமுகப்பெருமாளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் லிஜின், "லாக்கு கொண்டு வாங்க சாரே, நான் மாட்டித் தாறேன்" என்று சொல்லிவிட்டான். தயாரிப்பு தொடங்கியது. திருகு கழற்றும் திருப்புளியில் சின்னது, பெரியது, தட்டை, ஸ்டார் என்று ஒரு குடும்பமே வந்தது. பாத்திரம் தேய்க்கிற ரப்பர் கையுறை, தரையில் விரிக்கப் பழைய பாய், தலையில் கட்டுகிற விளக்கு, துருப்பிடித்த திருகுக்கு எண்ணெய், புளிசாதம் என்று பின்சீட்டு நிறைந்தது. பயிற்சிக்காக அடுக்களைக் கதவின் பூட்டைக் கழற்றினார். அழகாகக் கழன்றது. திரும்ப மாட்டத்தான் வரவில்லை. அதன்பிறகு அடுக்களைக்குள் பூனை சொந்த வீடுபோல வந்துபோனது.

நைலான் கயிற்றைப் பார்த்ததும் பார்வதியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கயிறு எதுக்கு? கதவக் கட்டி இழுக்கவா?"

"ஏட்டி, எதுக்கும் இருக்கட்டும்."

புறப்படும் காலையில்தான் அவருக்கு அந்த மகா யோசனை உதித்தது. டாஷ்போர்டில் ஒரு சிறிய பித்தளை முருகன் ஒட்டியிருந்தார். செத்த வண்டிகள் கிடக்கிற இடத்துக்கு முருகனைக் கொண்டுபோகலாமா? அது தீட்டு இல்லையா? கத்தியை விட்டு நெம்பி எடுத்துப் பூசை அறையில் வைத்தார். கண்ணாடியில் தொங்கிய மாலையையும் எடுத்தார். சந்தனப் பொட்டைக்கூட ஈரத்துணியால் துடைத்தார்.

"சாமி இல்லாம வண்டிய எடுக்காதிய" என்றாள் பார்வதியம்மாள்.

"ஒனக்கு ஒண்ணும் தெரியாது. சுடுகாட்டுக்கு யாராவது சாமியக் கூட்டிட்டுப் போவாங்களா?"

யார்டு வாசலில் பால் விடாத கட்டன்சாயா குடித்துக்கொண்டிருந்த ஏசுஅடிமை, பாயும் விளக்குமாக வந்து இறங்கியவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாரே, இங்க ஒரே ஒரு சட்டம்தான். முருகனோ மாதாவோ பள்ளிவாசல் படமோ, வண்டிக்குள்ள சாமி இருந்தா அதுல கை வைக்கப்பிடாது. கொண்டு போடுறவங்க சாமிய எடுத்துட்டுத்தான் போவாங்க. சாமி இல்லியா, தாராளமா கழத்திக்கிடலாம்."

"நல்ல கொள்கை" என்று மனதாரப் பாராட்டினார் ஆறுமுகப்பெருமாள். பாராட்டிவிட்டு, வெயில் படாதிருக்கட்டும் என்று காரை உள்ளே கொண்டுபோய் ஓர் அயனி மரத்தடியில், இரண்டு உடைசல் வண்டிகளுக்கு நடுவே நிறுத்தினார். பூட்டவில்லை. இந்த இடத்தில் கார் திருட எவன் வரப்போகிறான்?

சுற்றியலைந்து, கடைசி வரிசையில் அதே மாடல் வண்டி ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் வலதுபக்கக் கதவை எவனோ ஏற்கெனவே கழற்றிக்கொண்டு போயிருந்தான். பாயை விரித்தார், விளக்கைக் கட்டினார், கதவோடு மல்லுக்கட்டினார். வியர்வை ஆறாக ஓடியது. அப்போது மீசைக்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"அண்ணே, ஸ்டார் திருப்புளி இருக்கா? வலதுபக்க லாக்குக்காக நானும் மாசக்கணக்கா நடக்கேன். இண்ணைக்கு ஒண்ணு கண்ணுல பட்டுது. அவசரத்துல திருப்புளி எடுக்காம வந்துட்டேன்."

வாழ்நாளெல்லாம் ஆறுமுகப்பெருமாள் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். "எந்த சைஸ் வேணும்?" என்றார். கேளாமலே எண்ணெயும் கொடுத்தார். திருகில் இரண்டு சொட்டு விட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அவசரப்பட்டால் தலை மழுங்கிவிடும் என்று பாடமும் எடுத்தார்.

இவர் இடதுபக்க லாக்கைக் கையில் எடுத்த நேரம் மீசைக்காரரும் திரும்பி வந்துவிட்டார். முகமெல்லாம் பல். "நீங்க சொன்னது போலயே செய்தேன் அண்ணே. வெண்ணெ மாதிரி கழண்டுட்டு. வண்டிய என்னா சுத்தமா வச்சிருக்கான் தெரியுமா? எவனோ பாவம், மனசில்லாமக் கொண்டு போட்டிருக்கான்."

"செல பேருக்கு வண்டியோட அரும தெரியாது" என்று தலையை ஆட்டினார் ஆறுமுகப்பெருமாள்.

அருமை தெரிந்தவர் வெற்றிவீரராக அயனி மரத்தடிக்கு வந்தார். வந்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவருடைய காரின் டிரைவர் பக்கக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. லாக்கு இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றி எண்ணெய், அவருடைய எண்ணெய். மீசைக்காரர் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்.

"அது ஓடுற வண்டிவே!" என்று கத்தினார்.

ஏசுஅடிமை வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "சாமி எங்க சாரே?"

சாமி பூசை அறையில் சுகமாக இருந்தார்.

வலதுபக்க லாக்கு யார்டில் வேறு இல்லை. மீசைக்காரரின் ஊரும் பேரும் யாருக்கும் தெரியவில்லை. மூடி நிற்காத கதவை ஒரு கையால் பிடித்தபடியே ஓட்டி வந்து சேர்ந்தார். லிஜின் சிரிப்பை அடக்கிக்கொண்டு இடது கதவுக்கு லாக்கு மாட்டினான். வலது கதவை அந்த நைலான் கயிற்றால் வண்டியின் நடுத்தூணோடு வரிந்து கட்டினான். "வேற லாக்கு கெடைக்க ஒரு வாரமாவது ஆவும். அது வரைக்கும் இதை அவுக்காதிங்க சாரே, ஓடும்போது தொறந்தா நீங்கதான் விழுவிய" என்றான். மொத்தத் தயாரிப்பிலும் உருப்படியாக உதவியது அந்தக் கயிறு ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் ஹரிகுமாரின் கறுப்புக் கார் வாசலில் வந்து நின்றது. ஆறுமுகப்பெருமாள் தொங்கிய முகத்தோடு, "நீ ஹரி கூடயே போ பார்வதி. கயிறு கட்டுன வண்டியில நீ வரண்டாம். நான் பின்னால வாறேன்" என்றார்.

பார்வதியம்மாள் பட்டுச்சேலை சரசரக்க வெள்ளைக் காரின் இடதுபக்கம் போய்க் கதவை இழுத்தாள். ஒரே இழுப்பில் திறந்தது. திறந்தவள் ஏறாமல் ஒதுங்கி நின்றாள்.

"மொதல்ல நீங்க ஏறுங்க."

மடிப்புக் கலையாத வேட்டியோடு அவர் உள்ளே தவழ்ந்தார். கியர் தொடையில் குத்தியது. வேட்டி கைபிரேக்கில் மாட்டியது. முன்னாலும் போகமுடியாமல் பின்னாலும் வரமுடியாமல் பாதியில் நின்றார். ஹரிகுமார் அங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

"இதத்தான் நீ இத்தன நாளும் செஞ்சியா?" என்றார், கியரைப் பார்த்துக்கொண்டே. உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"ம். வேட்டிய அந்தப் பக்கமா உருவுங்க. காலு தன்னால வரும்."

அவர் அந்தப் பக்கம் போய் விழுந்ததும் அவள் ஏறி அமர்ந்தாள். கைப்பையைத் திறந்து முருகனை எடுத்து, பழைய இடத்தில் அழுத்தி ஒட்டினாள்.

"அக்கா, இதுலயா வாற?" என்று கூவினான் ஹரிகுமார்.

"கதவு தொறக்குதுல்லா? பின்ன என்னலே?"

மயிலாடியில் மாப்பிள்ளையின் அப்பா முற்றம்வரை வந்து வரவேற்றார். பார்வதியம்மாள் தன் கதவைத் தானே திறந்து, சேலை கசங்காமல் இறங்கி, கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"சம்பந்தி வரல்லியா?" என்று கேட்டார் அவர்.

உள்ளேயிருந்து ஒரு கால் மட்டும் கியருக்கு மேலே எழும்பியது.

"வாறாங்க" என்றாள் பார்வதியம்மாள். "கொஞ்சம் நேரமாவும். எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்தது."