பின் சக்கரத்தில் ஒரு கொர்ர்…

போன சனிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். செங்கம் ரோட்டில் சலீம் பாயின் மெக்கானிக் ஷெட்டில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பைக்கைத் தெரியும். கன்னியாகுமரிக்கும் கோவாவுக்கும் என்னைச் சுமந்துகொண்டு போன அதே கறுப்பு முந்நூற்றைம்பது சிசி. அதில் மூன்று வாரமாக ஒரு சத்தம். பின் சக்கரத்திலிருந்து. பிரேக்கை மிதித்தால் ‘கீச்’. மிதிக்காவிட்டாலும் கூடவே மெல்லிசாக ஒரு ‘கொர்ர்…’

“நானே கழட்டி, பிரேக் லைனிங்க உப்புத்தாள் போட்டுத் தேச்சு மாட்டிட்டேன் பாய். கீச் சத்தம் போன எடம் தெரியல” என்றேன்.

பாய் ஒரு கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“சரி சார். அந்தக் கொர்ரு?”

“அது… கொஞ்சம் இருக்கு. பிரேக் தூசியா இருக்கும்.”

“பிரேக் புடிச்சா கம்மியாவுதா, ஜாஸ்தியாவுதா?”

“ரெண்டும் இல்ல. அப்படியேதான் இருக்கு.”

“ஸ்பீடு ஏத்துனா?”

“கூடுது.”

“இன்ஜின ஆஃப் பண்ணி சரிவுல உட்டா?”

“அப்பவும் வருது.”

“வளைவுல சாயறப்போ?”

யோசித்தேன். வேங்கிக்காலில் என் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் இடது பக்கம் சாயும்போது, அந்தக் கொர்ர் உறுமலாகவே மாறிவிடும். வலது பக்கம் சாய்ந்தால் அடங்கும். அதைச் சொன்னேன்.

பாய் துணியைக் கீழே வைத்தார்.

“அது பிரேக்கே இல்ல சார். வீல் பேரிங். உள்ள குண்டெல்லாம் தேஞ்சிருக்கும். ஓட்டாதீங்க, எப்ப வேணா சக்கரம் இறுகிடும். வண்டி எங்க?”

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வண்டி எங்கே? செங்கம் தாண்டிப் பெங்களூர் போகிற இதே ரோட்டில். என் மனைவியின் தம்பி சேகர் ஓட்டிக்கொண்டு போகிறான். பின்னால் அவன் மனைவி மலர்.

கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கும் சேகருக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். அந்தப் பெண்ணை இன்னும் எங்கேயும் கூட்டிப் போனதில்லை. பெங்களூரில் இருக்கும் மலரின் அக்கா வீட்டுக்கு பைக்கிலேயே போக வேண்டும் என்று ஆசைப்பட்டான். கேட்டான். கொடுத்தேன். சரியாக ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பினார்கள்.

சாவியை வாங்கும்போது கேட்டான்: “வண்டி நல்லா இருக்குதில்ல மாமா? பின்னாடி ஏதோ சத்தம் வரும்னு அக்கா சொன்னாங்க…”

“ஒண்ணுமில்லடா. பிரேக் சத்தம். சரி பண்ணிட்டேன்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொல்லட்டுமா? இரண்டு சத்தம் இருந்தது. ஒன்றைத்தான் நிறுத்தியிருந்தேன். ஆனால் கையெல்லாம் கரியாகிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வேலை செய்த பிறகு, ‘பாதிதான் சரியாச்சு’ என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

போன் செய்து நிறுத்த முடியுமா? செல்போன் சென்னையில் நாலு பெரிய மனிதர்களிடம் இருக்கிறதாம். ரோட்டில் போகிறவனுக்கு எந்த எஸ்டிடி பூத்திலிருந்து போன் போடுவது?

பாய் ஒரு ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினார். புது பேரிங் இரண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன் பைக்கை உதைத்தார்.

“ஏறுங்க சார்.”

மறுநாள் பௌர்ணமி. எதிரே கிரிவலத்துக்கு வரும் வேன்களாக வந்துகொண்டிருந்தன. கடைக்குக் கடை நிறுத்திக் கேட்டேன். “கறுப்பு பைக்… பின்னாடி மஞ்சள் புடவை…” பார்த்ததாகச் சொன்னவர்கள் எல்லோரும் மேற்கே கை காட்டினார்கள்.

ரோட்டோரம் எங்கே கூட்டம் தெரிந்தாலும் பாயை நிறுத்தச் சொன்னேன். ஒரு இடத்தில் இருபது பேர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். வெள்ளரிக்காய் மூட்டை அவிழ்ந்து சிதறியிருந்தது. பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்து ஏறிக்கொண்டேன்.

“பாய், இறுகினா என்ன ஆவும்?”

“மெதுவாப் போனா சறுக்கி நிக்கும் சார்.”

வேகமாகப் போனால் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

செங்கத்துக்கு ஐந்தாறு கிலோமீட்டர் இந்தப் பக்கம், புளியமர நிழலில் ஒரு மஞ்சள் புடவை தெரிந்தது. மலர். ஒரு கையில் செருப்பு, தோளில் பை. நடந்துகொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஃபர்ஸ்ட் கியரில் உருட்டிக்கொண்டு, கெஞ்சிக்கொண்டு என் மைத்துனன்.

“ஏறு மலரு. எல்லாரும் பாக்கறாங்க. மாமாவே சொல்லிட்டாரு, பிரேக் சத்தம்னு.”

“பிரேக் புடிக்காதப்பவும் ஏன் பிரேக் சத்தம் வருது? அதச் சொல்லுங்க, ஏறுறேன்.”

மலர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக் கொடுக்கிறவள். இருபது மெஷின் ஒன்றாகத் தடதடக்கும்போது எந்த மெஷின் தப்பாக அடிக்கிறது என்று திரும்பாமலே சொல்லுவாளாம். சீட்டுக்கு அடியில் உறுமல் வந்ததுமே மெதுவாகப் போகச் சொல்லியிருக்கிறாள். உறுமலோடு சீட்டும் அதிர ஆரம்பித்ததும் இறங்கிவிட்டாள். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை!

பாய் என் பைக்கை சென்டர் ஸ்டாண்டில் போட்டார். பின் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். ஆடக்கூடாத சக்கரம் கடைவாய்ப் பல் மாதிரி ஆடியது. நடுவில் கை வைத்த சேகர் சுட்டுக்கொண்டு கையை உதறினான். கழற்றியதும் பேரிங் உள்ளங்கையில் உதிர்ந்தது. குண்டு குண்டாக இருக்க வேண்டியது, பாதி துருப்பொடி.

“இன்னும் பத்து கிலோமீட்டர் தாங்கியிருக்காது” என்றார் பாய்.

மலர் அந்தப் பொடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நீங்க குடுக்கறப்பவே இந்த சத்தம் இருந்துச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் முந்திக்கொண்டான். “மாமாவுக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்சா குடுப்பாரா? முன்னாடி வந்தது பிரேக் சத்தம், இது வழியிலதான் வந்திருக்கும்.”

எவ்வளவு வசதியான பதில்! தலையை ஆட்டினால் போதும். அந்த மூன்று வாரக் கொர்ர் கதை பாயையும் என்னையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. பாய் குனிந்து நட்டு தேடுவது போல இருந்தார். அந்த மனுஷன் எனக்குக் கொடுத்த மரியாதை அது.

“இருந்துச்சும்மா. மூணு வாரமா இருந்துச்சு. சரியாப் பாக்காமலே, சரி பண்ணிட்டேன்னு சொல்லிட்டேன்.”

மலர் கோபப்படவில்லை. “சொல்லியிருந்தா பஸ்ல போயிருப்போமேண்ணா” என்றாள். அவ்வளவுதான். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஆனால் சேகர்? சின்ன வயசிலிருந்து ‘மாமா சொன்னா சரி’ என்று வளர்ந்த பிள்ளை. என்னை ஒரு முறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவன் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அரை மணியில் புது பேரிங் ஏறிவிட்டது. பாய் ஒரு ரவுண்டு ஓட்டி வந்து, “இப்ப தாராளமாப் போலாம்” என்றார். மலரும் சேகரும் பைக்கில் ஏறவில்லை. பெங்களூர் பஸ் வந்தது. கை காட்டி ஏறிக்கொண்டார்கள். “வரேண்ணா” என்று மலர் சொன்னாள். சேகர் படியில் நின்றபடி கையை லேசாகத் தூக்கினான். அசைத்தானா, கம்பியைப் பிடிக்கத்தான் தூக்கினானா… இன்று வரை தெரியவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் ஊர் வரை நாற்பதுக்கு மேல் ஏற்ற மனசு வரவில்லை எனக்கு.

உங்களிடம் யாராவது வண்டி கேட்டால் தாராளமாகக் கொடுங்கள் — சாவியோடு அதன் சத்தத்தையும் சொல்லிக் கொடுங்கள்.