முழங்கால் அளவு

வெள்ள அபாய வரைபடம் தயாரிப்பது என் வேலை. தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்குக் கீழே இருக்கும் நகர்களில்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் கழியும். சார்ட் பேப்பரை விரித்து, போன வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்பேன். அடி, மீட்டர் என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கணுக்காலா, முழங்காலா, இடுப்பா என்று கேட்டால் போதும், சண்டையே போடுவார்கள். இடுப்பளவுத் தெருவுக்குச் சிவப்பு, முழங்காலுக்கு மஞ்சள். சிவப்புக்குத்தான் முதல் படகு. இப்படி அளக்கும் முறை என் கண்டுபிடிப்பு என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அப்படி ஒரு தெருவில் கூட்டத்தைக் கூட்டியது குடியிருப்போர் நலச் சங்கம். பெயர்தான் அப்படி. அழைப்பு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டும். அவர்கள் மாடியில் இருப்பவர்கள். கீழே வாடகைக்கு இருப்பவர்களையும் கூப்பிடுங்கள் என்று சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

"முழங்கால்தான் சார், அதுக்கு மேல ஏறாது" என்றார் செயலாளர்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. மஞ்சள் தீட்டிவிட்டு, அவர்கள் தந்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்தது. படகு அந்தத் தெருவுக்குக் கடைசியாகத்தான் போனது. தண்ணீரும் சொன்னபடி முழங்கால்தான். கணக்கு பலித்துவிட்டது என்ற மிதப்பில்தான் மறுவாரம் அங்கே போனேன்.

ஒரு கீழ்வீட்டில் இஸ்திரி வண்டிக்கார அக்கா சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தார். உள்ளே, பக்கவாதத்தில் கைகால் விழுந்துபோன அவர் கணவர் பாயில் படுத்திருந்தார்.

"முழங்கால் அளவுதானே அக்கா வந்தது?" என்றேன்.

"ஆமா சார், எனக்கு முழங்கால்." கணவரைக் காட்டினார். "இவருக்கு எம்மாம்னு நீங்களே சொல்லுங்க. பாய்லதான படுத்துகினு கீறாரு. மாடில கீறவங்க பூட்டிகினு ஊருக்குப் போயிட்டாங்க. தூக்க ஆளில்ல. காலைலேர்ந்து படகு வர்ற வரைக்கும் இவரு தலைய தோள்ல தாங்கிகினு தண்ணிலயே குந்திகினு கெடந்தேன்."

இத்தனை வருடமும் நிற்க முடிந்தவர்களை மட்டுமே நான் அளந்திருக்கிறேன். என்ன செய்வதென்று தெரியாமல் வரைபடத்தை விரித்தேன். அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதுல எங்க வூடு எங்க சார் கீது?"

மஞ்சள் கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

"இது தெருவு சார். வூடு எங்க?"

நான் வீடுகளை வரைந்திருக்கவே இல்லை.