சக்கரச் சத்தத்துக்குள் ஒரு குரல்

என் தங்கையின் புருஷனுக்கு எங்கள் அலுவலகத்தில் ‘காது’ என்று பெயர். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டர் செய்து விற்கும் சின்னக் கம்பெனி என்னுடையது. அதில் ஒலி முழுக்க அவர் பொறுப்பு. அடுத்த அறையில் ஓடும் ஃபேனின் சத்தத்தை வைத்தே அது எப்போது படுக்கும் என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட காதில் பெண்டாட்டி கூப்பிடுவது மட்டும் விழாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டாள். கீழே அலுவலகம், மேலே வீடு. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவில் நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு பெரிய கம்பெனி எங்கள் மேல் புகார் கொடுத்தது. எங்கள் சிமுலேட்டர் விமானத்தில் சக்கரம் இறங்கும் சத்தம் அவர்களுடையதாம், நாங்கள் திருடிவிட்டோமாம். சாயங்காலத்துக்குள் உரிமையை நிரூபிக்காவிட்டால் இணையக் கடையிலிருந்து எங்கள் சிமுலேட்டரை எடுத்துவிடுவார்கள். எடுத்தால் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்.

அந்தச் சத்தம் மாப்பிள்ளையே பதிவு செய்தது. ஒரு கொட்டகையில் பழைய விமானத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை ஏற்றி இறக்கி எடுத்தார். பொழுதுபோக்குக்காக சிமுலேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இலவசமாகவும் கொடுத்தார். யாரும் அதை விற்கக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. அங்கிருந்துதான் இந்தப் பெரிய கம்பெனிக்காரர்கள் சுட்டிருக்கிறார்கள். ஆனால் மூலப் பதிவைக் காட்டியபோது, தேதியை யார் வேண்டுமானாலும் மாற்றலாமே என்றார் வீடியோ அழைப்பில் இருந்த அவர்களுடைய வக்கீல். தங்கள் கொட்டகையில் தங்கள் ஆட்களே எடுத்தது என்று அடித்துச் சொன்னார்.

மாப்பிள்ளை ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பிடித்து உலுக்கலாம் போலிருந்தது எனக்கு. கடைசியில் அவர்கள் விற்கிற சிமுலேட்டரையே போட்டு, சக்கரத்தை இறக்கும் மோட்டாரின் இரைச்சலைக் குறைத்து, மிச்சத்தை உயர்த்தினார். அடியிலிருந்து மெல்ல ஒரு பெண் குரல் வந்தது.

"போதுமா? கை வலிக்குது."

என் தங்கை. அன்று மைக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். குரலை வெட்டினால் மோட்டார் சத்தமும் கெட்டுவிடும் என்று, அமுக்கி அப்படியே விட்டிருந்தாராம்.

வக்கீல் அசரவில்லை. அந்தப் பெண் தன் குரலைப் பயன்படுத்த எழுதிக் கொடுத்திருக்கிறாரா என்று கேட்டார். விமானத்தின் சொந்தக்காரர், கொட்டகைக்காரர் என்று ஒருவர் விடாமல் கையெழுத்து வாங்கிய மனுஷன், பெண்டாட்டியிடம் வாங்கவில்லை. வீட்டு ஆள்தானே என்று விட்டுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மாடிக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். அவள் இறங்கி வந்து, புருஷன் பக்கம் திரும்பாமல் கேமரா முன் உட்கார்ந்து, அதே வார்த்தைகளை அதே குரலில் சொன்னாள். கணவர் உங்களிடம் அனுமதி கேட்டாரா என்றார் வக்கீல்.

"கேக்கலை."

எனக்கு உயிரே போய்விட்டது. வக்கீல் முகம் மலர்ந்தது.

"அது எங்க வீட்டுச் சண்டை, நாங்க பாத்துக்கறோம்," என்றாள். "உங்க கொட்டகையில உங்க ஆளுங்க எடுத்ததுக்குள்ள நான் எப்படிங்க வந்தேன்?"

வக்கீல் தன் மைக்கை அணைத்துவிட்டு யாருடனோ பேசினார். திரும்பி வந்தபோது, புகாரை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார்.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். மாப்பிள்ளை அவசர அவசரமாக ஒரு தாளில் அனுமதி எழுதி, பேனாவோடு அவள் முன் வைத்தார். அவள் படித்துப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கை வலிக்குதுன்னு சொன்னேனே. அப்பவே காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு," என்றார். "சத்தம் நல்லா வந்துட்டிருந்துச்சு."

அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போடு என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. மறுநாள் மாப்பிள்ளை மைக்கைத் தூக்கிக்கொண்டு, அவள் குரல் இல்லாமல் சக்கரச் சத்தத்தைப் புதிதாக எடுக்கத் தனியாகக் கொட்டகைக்குப் போனார்.