பேசாமல் பாஸான துருவி

என் அக்காள் மகன் லண்டனுக்குப் போய் ‘தொழில்துறை வடிவமைப்பு’ படிக்கப்போவதாகச் சொன்ன அன்று, வீட்டில் அந்தப் படிப்பைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. “நாற்காலி எப்படி இருக்கணும், தண்ணி கொதிக்கவைக்கிற கெத்தில் எப்படி இருக்கணும்னு யோசிக்கிற படிப்பு மாமா” என்றான். “இதுக்கா கப்பல் ஏறிப் போறே? நான் இதை ஜப்பான்காரன் காலத்துலேயே படிச்சாச்சு, அதுவும் கோலாலம்பூர்ல” என்றேன். யாரும் நம்பவில்லை. நான் சொல்வதை இந்த வீட்டில் யாரும் நம்பியதில்லை. அந்த நிலைமைக்கு நான் நிறைய உழைத்திருக்கிறேன். ஆனால் இது நிஜம்.

பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன். ஆற்றோரத்தில் ஒரு தகரக் கூரைத் தொழிற்பள்ளி. வெள்ளைக்காரன் காலத்தில் பாலத்துக்கும் ரோட்டுக்கும் படம் வரையும் ஆட்களை அது உருவாக்கிக்கொண்டிருந்தது. சண்டை வந்து மூடிய கதவை ஜப்பானியர் திறந்தபோது பாடமே மாறிவிட்டது. கப்பலில் ஒரு சாமானும் வருவதில்லை. ஆகவே இங்கே கிடைக்கும் ரப்பர், மூங்கில், சிரட்டை, பழைய மண்ணெண்ணெய் டின் இவற்றைக் கொண்டு வீட்டுச் சாமான் என்னென்ன செய்யலாம் என்று யோசி, வரை, செய்து காட்டு. இதுதான் படிப்பு.

கடைசிப் பரீட்சையில் பாஸானவனைப் பள்ளிப் பட்டறையிலேயே வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். முத்திரை குத்திய துணிப் பட்டை ஒன்று கையில் கட்டிக்கொள்ளத் தருவார்கள். அந்தப் பட்டை உள்ளவனைச் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போவதில்லை. பந்திங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து லோரி லோரியாக ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸ் வரிசையிலேயே சில வீடுகளில் ஆண்கள் இல்லை. போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை. எனக்கு அப்போது இருபது வயது. கை கால் திடம், கல்யாணம் ஆகவில்லை. சயாம் ரயிலுக்குச் சகல பொருத்தமும் உள்ள மாப்பிள்ளை.

பரீட்சைக்குப் பயப்படாதவன்போல்தான் திரிந்தேன். காரணம், என் வாய். என் கோடு கோணலாக இருக்கும், ஆனால் அந்தக் கோணலுக்கு நான் சொல்லும் விளக்கம் நேராக இருக்கும். ஒருமுறை நான் செய்த முக்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. “மலைச்சரிவில் வைக்கிற முக்காலி” என்று சொல்லி மார்க் வாங்கினேன். என்னோடு படித்த நண்பன் ஒருவன், அவன் அப்பாவுக்கு மஸ்ஜித் இந்தியா பக்கம் ஜவுளிக் கடை, அடிக்கடி சொல்வான்: “உனக்கு அந்த வாய் மட்டும் இல்லேன்னா நாய் கவ்விக்கிட்டுப் போயிருக்கும்டா.”

எங்கள் ஆசிரியர் ஜப்பானியர். ராணுவக்காரர் இல்லை, சண்டைக்கு முன்னால் அவர் ஊரில் ஏதோ தொழிற்சாலைக்குக் கெத்திலும் இஸ்திரிப் பெட்டியும் வடிவமைத்தவர். உடைந்த மலாயில் பேசுவார். பரீட்சை எப்படி என்று ஒருநாள் காலையில் சொன்னார். கிள்ளான் பாசாரில், அதாவது சந்தையில், பாய் விரித்து எங்கள் சாமான்களை வைப்போம். அவரவர் சாமானுக்குப் பின்னால் அவரவர் நிற்க வேண்டும். வருகிற சனங்கள் எடுத்துப் பார்ப்பார்கள், உபயோகித்துப் பார்ப்பார்கள். செய்தவன் ஒரு வார்த்தை பேசக்கூடாது, கையைக் காட்டக்கூடாது, தலையை ஆட்டக்கூடாது. பேசினால் பெயில்.

ஒருவன் எழுந்து ஏன் என்று கேட்டான்.

“கடைக்குப் போகிற ஒவ்வொரு கெத்திலோடும் உன்னையும் கட்டி அனுப்ப முடியுமா?” என்றார் ஆசிரியர்.

வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் கண்முன்னால் ஒரு ரயில் கிளம்பியது. வடக்கே, சயாம் நோக்கித்தான்.

நான் செய்து வைத்திருந்தது மரவள்ளிக்கிழங்கு துருவும் யந்திரம். அரிசி அற்றுப்போய் மூன்று வேளையும் மரவள்ளி தின்ற காலம். டின் தகட்டில் ஆணியால் ஓட்டை போட்டு அதில் கிழங்கைத் தேய்ப்பார்கள். அந்தக் காலத்துப் பிட்டில் கொஞ்சம் விரல் தோலும் சேர்ந்திருக்கும். என் யந்திரம் ஒரு பழைய இங்கிலீஷ் கட்டலாக்கைப் பார்த்து வரைந்தது. ஓட்டை போட்ட தகட்டை உருளையாக மடித்து, ஒரு கைப்பிடி வைத்து, கீழே துருவல் விழ ஒரு மரப்பெட்டி. மேசை விளிம்பில் மாட்டுவதற்கு ஒரு மரக்கவ்வி. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். அதை எப்படி உபயோகிப்பது என்று கால்மணி நேரம் விளக்க ஒரு சொற்பொழிவும் தயார் செய்திருந்தேன்.

சொற்பொழிவு போயிற்று. சரி, யந்திரம் மட்டும் என்ன செய்கிறது பார்ப்போம் என்று குவாட்டர்ஸ் பொதுக்குழாய்ப் பக்கம் அதைத் தரையில் வைத்து, பக்கத்தில் நாலு கிழங்கும் போட்டுவிட்டுத் தள்ளி நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா வந்தார். ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுபவரின் மனைவி. ஆள் நல்ல கனம். யந்திரத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். புடவையை ஒதுக்கினார். பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

‘மடக்’ என்றது பெட்டி.

“அக்கா! அது உக்கார்றது இல்ல அக்கா!”

“பின்ன எதுக்குடா பலகை மாதிரி பண்ணி வச்சிருக்கே? புடவைய வேற கிழிச்சிட்டியே பாவி!”

பெட்டிக்கு ஒட்டுப் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோனேன். அம்மா வந்து பார்த்தார். அம்மாவும் உட்காரப் போனார்.

“அம்மா, மேசையில மாட்டணும்மா!”

“எந்த மேசையில?”

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே ஒரு மேசை. அதன்மேல் சாமி படங்கள். முருகனை இறக்கி வைத்துவிட்டுக் கிழங்கு துருவச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. எங்கள் சனங்களுக்குத்தான் நாகரிகம் தெரியவில்லை என்று, யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பத்துக்குப் போனேன். அங்கே ஒரு மாச்சிக், மலாய்ப் பெரியம்மா, படியிலிருந்து இறங்கி வந்தார். பார்த்தார். சாரோங்கைச் சரிசெய்துகொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ‘மடக்.’

அவர் வீட்டு அடுப்படியில் தேங்காய் துருவும் பலகை சாய்த்து வைத்திருந்தது. எங்கள் வீட்டில் இருப்பதும் அதேதான்: தாழ்ந்த பலகை, முன்னால் நீட்டிய இரும்புப் பல், பலகைமேல் ஏறி உட்கார்ந்து துருவ வேண்டும். இந்த நாட்டில் துருவுகிற எவரும் உட்கார்ந்துதான் துருவுகிறார்கள். துருவல் வேலை என்று பார்த்த உடனே உடம்பு தானாக இறங்குகிறது. பிறந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், பென்சிலை எடுத்ததும் மேசையும் கையுமாக நிற்கும் ஒரு இங்கிலீஷ் துரைசானிக்காக வரைந்திருக்கிறேன். துரைசானிகள் எல்லாரும் அப்போது சிறை முகாமில் இருந்தார்கள்.

பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. நான் பட்ட பாட்டை மறைக்கப்போவதில்லை. கந்தசாமி கோயிலில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். மலேரியா வந்தால் பரீட்சையைத் தள்ளிப்போடலாமே என்று ஆற்றங்கரையில் சட்டையில்லாமல் உட்கார்ந்தேன். ஊர் முழுக்க மலேரியா. என்னை ஒரு கொசுவும் சீண்டவில்லை. நண்பன் தேடிக்கொண்டு வந்தான்.

“என்னடா, குளிக்கிறியா?”

“கொசு கடிக்கக் காத்திருக்கேன்.”

“கொசுகிட்ட பேசிப் பாரேன். உன் பேச்சுல மயங்கி வரும் லா.”

அவனுக்கென்ன, அவன் செய்தது டயர் வார் போட்ட மரக்கட்டைச் செருப்பு. செருப்பை எங்கே போடுவது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவனை ஆற்றில் தள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. மலாயா முழுவதையும் எழுப்பி நிற்கவைக்க என்னால் முடியாது. துருவியை உட்காரவைக்க முடியும்.

ஓடினேன். மேசைக் கவ்வியை உடைத்து அடுப்பில் போட்டேன். நீளப் பலகை ஒன்று எடுத்து, ஒரு முனையில் உட்காருகிற இடத்தை அகலமாகக் குடைந்தேன். முன்னால் உருளை, வலக்கைக்கு எட்டுகிற இடத்தில் கைப்பிடி. உருளைக்கு மேலே கிழங்கு நிற்கிற அளவுக்கு ஒரு குறுகிய வாய். கை உள்ளே போகாது, கிழங்கை அழுத்த ஒரு சிரட்டை. கீழே சட்டி உட்காருவதற்கு வட்டமாக ஒரு பள்ளம். வழுக்காமல் இருக்கக் காலுக்கு ரப்பர். எல்லாம் முடிந்தபின்னும் பயம் விடவில்லை. ‘இங்கே உட்காரவும்’ என்று நான்கு பாஷையில் எழுதிவிடலாமா என்று சாயத்தைக் கையில் எடுத்தேன்.

“எழுத்தும் பேச்சுதான்டா” என்று நண்பன் சாயத்தைப் பிடுங்கிக்கொண்டான்.

கரிப்புகையில் ஓடும் லோரி எங்களைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனது. மேடு வந்தால் இறங்கி நாங்கள் லோரியைக் கொண்டுபோனோம். பாசாரில் பாய் விரித்தார்கள். என் வாயை நான் நம்பவில்லை. அவித்த மரவள்ளித் துண்டு ஒன்றை, பெரியதாகப் பார்த்து, வாய்க்குள் அடக்கிக்கொண்டேன். ஆசிரியர் என் வீங்கிய கன்னத்தைப் பார்த்து, “பல்வலியா?” என்றார். பதில் சொன்னால் பெயில். இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினேன்.

செருப்பு வைத்த கொஞ்ச நேரத்தில் பாஸ். ஒரு சீனர் போட்டுக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டார். நண்பன் பின்னாலேயே ஓடினான், கத்தாமல்.

என் துருவியிடம் முதலில் வந்தவர் ஒரு பெரியவர். சிரட்டையை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், தலையில் கவிழ்த்து அளவு பார்த்தார். அடுத்து வந்த சீனத்து ஆன்டி, கைப்பிடி என்பது தூக்கிக்கொண்டு போவதற்கு என்று நினைத்து அதைப் பிடித்துத் தூக்கினார். உள்ளே கிழங்கு என் பல்லுக்கிடையில் நசுங்கியது. ஆசிரியர் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஒரு அம்மா வந்தார். தோட்டத்துப் பக்கத்து ஆள். இடுப்பில் துணி மூட்டை, பேச்சு பாசார் முழுக்கக் கேட்கும்.

“என்னா தம்பி இது? கிழங்கு துருவுறதா?”

நான் தூணானேன்.

“ஏன்டா, கேக்குறேன்ல? காது கேக்கலியா? ஊமையா?” பக்கத்தில் கீரை விற்ற மாச்சிக்கிடம் திரும்பி, “காசியான் லா, பாவம், இந்த வயசுல ஊமை” என்றார். மாச்சிக் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

மூட்டையை இறக்கிவிட்டு அந்த அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்தது பின்பக்கமாக. துருவிக்கு முதுகு, முகம் என்னைப் பார்த்து. எனக்குச் சயாம் வண்டியின் ஊதல் கேட்டது.

“என்னா எழவு இது, முட்டியில இடிக்குது” என்று நெளிந்தார். குடைவின் பின்விளிம்பு உயரம், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முட்டியில் இடிக்கத்தான் செய்யும். எழுந்து திரும்பி உட்கார்ந்தார். உடம்பு குடைவுக்குள் இறங்கியது. கைப்பிடி வலக்கைக்கு அடியில் வந்து நின்றது. அதைப் பார்த்தார். ஒரு சுற்று சுற்றினார். “அடி ஆத்தி!” என்றார்.

கிழங்கை எடுத்து வாயில் வைத்தார், துருவியின் வாயில். உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார், கை போகவில்லை. சுற்றும் முற்றும் தேடினார். பெரியவர் தலையில் சிரட்டை.

“இங்க குடுங்க பெரியவரே. தொப்பியாம் தொப்பி!”

சிரட்டை பொருந்தியது. சுற்றினார். வெள்ளை வெளேரென்று துருவல் சட்டியில் கொட்டியது. அந்தச் சத்தத்துக்கு ஈடாக இன்றுவரை எந்த நாதஸ்வரத்தையும் நான் கேட்கவில்லை. “பாகூஸ்!” என்று மெச்சிக்கொண்டே மாச்சிக் கீரையை விட்டுவிட்டு ஓடிவந்தார். சீனத்து ஆன்டி திரும்பி வந்தார். எல்லாருக்கும் சுற்ற வேண்டும். அந்த அம்மாவோ எழுந்திருக்க மறுத்தார். ஆசிரியர் அடுத்த சாமானைப் பார்க்க வேண்டும் என்று அருகில் வந்தார்.

“ஐயா கொஞ்சம் நில்லுங்க, இந்தக் கிழங்கு முடியட்டும்.”

ஜப்பானியரை நில் என்று சொல்லிவிட்டார். பாசாரே அசையாமல் நின்றது. கன்னத்தில் அறை விழும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவர் நின்றார். கிழங்கு முடியும்வரை நின்றார். பிறகு மலாயில், “உனக்கு இதை யார் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

“யார் சொல்லித் தரணும் துவான்? இவனா? இவன்தான் ஊமையாச்சே!”

அந்த மனிதர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். என் பக்கம் திரும்பி, “இப்போது பேசலாம்” என்றார். நான் வாயைத் திறந்தேன். பாதி மென்ற கிழங்கு அவர் காலடியில் விழுந்தது. அதற்கும் சேர்த்துத்தான் பாஸ் போட்டார் என்று நினைக்கிறேன். அந்த அம்மா, “அடப்பாவி, ஊமை இல்லையா நீ!” என்று கீரைக்கட்டால் என் முதுகில் ஒன்று போட்டார். அதுவும் பரிசுதான்.

துணிப் பட்டையைக் கட்டிக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை. அடுத்த வாரம் சயாமுக்கு ஆள் சேர்ப்பவர் குவாட்டர்ஸ் வரிசையில் வந்தார். எங்கள் ஆள்தான், வேட்டி, குடை, கூட இரண்டு சிப்பாய்கள். வாசலில் நின்று, “தம்பி நல்லா வாட்டசாட்டமா இருக்கியே” என்றார். கதவுக்குப் பின்னால் அம்மா முருகனைக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது.

நான் கையை நீட்டினேன். பட்டையைப் பார்த்தார். “என்ன வேலை?” என்றார்.

இதுவல்லவா கேள்வி! உருளையில் ஆரம்பித்தேன். தகட்டில் ஓட்டை எந்தப் பக்கமிருந்து போட வேண்டும், உட்காருகிற குடைவு ஏன் ஒரு பக்கம் அகலம், சிரட்டை எதற்கு, ரப்பர் எதற்கு. துருவியைக் கொண்டுவந்து வைத்து, அவரை அதன்மேல் உட்காரவைத்து, சுற்றவும் வைத்தேன். சிப்பாய்கள் முதலில் வெயிலுக்கு ஒதுங்கினார்கள், பிறகு தெருமுனைக்கே போய்விட்டார்கள்.

“போதும் தம்பி” என்று குடையைத் தேடி எடுத்தார். “நான் கிளம்புறேன்.”

“இன்னும் கைப்பிடியைப் பத்திச் சொல்லலியே அண்ணே” என்று வாசல்வரை போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, அவர் உட்கார்ந்து சுற்றிய துருவலை அள்ளிக்கொண்டுபோய்ப் பிட்டு அவித்தார். விரல் தோல் கலக்காத பிட்டு.